டாப் கியரின் கணக்கையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஸ்போர்ட்டி கார்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். இருக்கையில் சிவப்பு நூல் தையல் எங்கெல்லாம் ஓடுகிறது என்பதுவரை கவனித்தவர், மைலேஜ் என்று வந்ததும், குதிரைத்திறன் அதிகம், அதனால் நெடுஞ்சாலையில் பெட்ரோலும் அதிகம் என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கார் விமர்சகன் அல்லன். கோவை கணபதியில் பல்சக்கரம் வெட்டும் பட்டறை வைத்திருந்தவன்; இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நூற்பாலை இயந்திரங்களுக்கும் லேத்துகளுக்கும் லாரிகளுக்கும் ஹாப்பிங் மெஷினில் பல் வெட்டிக் கொடுத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். செட்டிபாளையம் பந்தயத் திடலில் ஓட்டுகிற பையன்கள் சிலரும் பட்டறைக்கு வந்து போனதுண்டு. ஒரு பல் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்பதைத் தவிர இவருக்கு உலகத்தில் வேறொன்றும் தெரியாது என்று வீட்டில் சொல்வார்கள். தெரிந்த அந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் பேரன் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் வாங்கினான். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். என் பங்காளி ஒருவரிடம் அதே அளவு எஞ்சினுள்ள சாதாரண செடான் இருக்கிறது. திருமணங்களுக்குச் சேலம் பக்கம் போகும்போது இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்து போயிருக்கிறேன். பெருந்துறை தாண்டி நேர்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும்போது பேரன் வண்டியில், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் டேகோமீட்டரின் முள் 3,200-ஐத் தொடுகிறது. பங்காளியின் வண்டியில் அதே வேகத்துக்கு 2,500-ஐ ஒட்டி நிற்கிறது. பெட்ரோல் பங்கில் இரண்டு பேரும் கட்டுகிற பணத்திலும் அந்த வித்தியாசம் தெரிகிறது. "மைலேஜ் பார்க்கிறவர்கள் இந்த வண்டி வாங்கக் கூடாதுங்க அப்பிச்சி" என்கிறான் பேரன். அவனுக்கு ஷோரூமில் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

குதிரைத்திறன் என்ன செய்தது என்று முதலில் பார்ப்போம். ஒரு நடுத்தரக் காரை, சமதளத்தில், எதிர்க்காற்று இல்லாமல், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கத் தேவைப்படுவது ஏறத்தாழ 15 முதல் 20 குதிரைத்திறன்தான். காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் ஆகிற செலவு அவ்வளவே. வண்டியில் 80 இருந்தாலும் 200 இருந்தாலும் அந்தத் தருணத்தில் எஞ்சின் கொடுப்பது அந்த இருபதைத்தான். மீதி முழுவதும் பானெட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு யாரும் பெட்ரோல் ஊற்றுவதில்லை. செலவு எங்கே கூடுகிறது என்றால், அந்த இருபது குதிரைத்திறனை எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றிக் கொடுக்கிறது என்பதில்தான்.

நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் மோட்டாரைத் தொடாமல், ட்விஸ்ட் வீலில் ஒரு பல்லைக் கூட்டியோ குறைத்தோ நூலின் முறுக்கையே மாற்றிவிடுவார்கள். காரிலும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அப்படி இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று கியர் பாக்ஸ். இன்னொன்று, சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலில் இருக்கிற கிரவுன், பினியன் என்ற பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி. டாப் கியரின், அதாவது கடைசிக் கியரின், விகிதத்தையும் கிரவுன் பினியனின் விகிதத்தையும் பெருக்கினால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது வந்துவிடும்.

பதினாறு அங்குல ரிம்மில் 195/55 டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,667 மீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு 855 சுற்று. டாப் கியர் 0.75, கிரவுன் பினியன் 4.0 என்றால் பெருக்கல் தொகை 3. எஞ்சின் 2,565 சுற்று. டாப் கியரை 0.87 ஆக்கி, கிரவுன் பினியனை 4.3 ஆக்குங்கள். தொகை 3.74. எஞ்சின் 3,200 சுற்று. கிலோமீட்டர் கணக்கில் சொன்னால், முதல் வண்டியின் எஞ்சினைவிட இரண்டாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 380 சுற்று கூடுதலாகச் சுற்றுகிறது. கோவையிலிருந்து சென்னை போய்ச் சேரும் 500 கிலோமீட்டரில் இந்தக் கூடுதல் மட்டும் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் சுற்று. இத்தனைக்கும் இரண்டு வண்டிகளும் அதே சாலையில் அதே நேரத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கூலி உண்டு. பிஸ்டன் வளையம் சிலிண்டர் சுவரை உரசுகிறது. வால்வு ஸ்பிரிங்குகளை அழுத்த வேண்டும். ஆயில் பம்பு ஓட வேண்டும். இது உராய்வுக் கூலி. இன்னொன்று பலர் கவனிக்காதது. இருபது குதிரைத்திறனை அதிகச் சுற்றில் எடுக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் தேவைப்படும் வலு குறைவு. ஆகவே எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான திராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும். மூடிய வாயின் வழியாகக் காற்றை உறிஞ்சப் பிஸ்டன் படும்பாடு முழுவதும் வீண்செலவு. சுற்று குறைந்தால் திராட்டில் அகலத் திறக்கும், அந்தப் பாடும் குறையும். பெட்ரோல் எஞ்சின் குறைந்த சுற்றில், நல்ல பளுவோடு ஓடும்போதுதான் குடித்த பெட்ரோலுக்கு நியாயமாக வேலை செய்கிறது. இப்போது நம் ஊரில் விற்கும் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் இலகுவாகப் போகும்போது இரண்டு சிலிண்டர்களை நிறுத்திவிடுகிறதே, அதுவும் இதே நோய்க்குக் கொடுக்கிற இன்னொரு மருந்துதான்.

எல்லாம் ஏட்டுக் கணக்கு என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். டொயோட்டா 86 என்றொரு சிறிய ஸ்போர்ட்ஸ் கார். நம் நாட்டு ஷோரூம்களுக்கு வரவில்லை. இரண்டு லிட்டர் எஞ்சின், சுமார் 200 குதிரைத்திறன். அமெரிக்காவில் சயன் என்ற பெயரில் விற்றபோது கையால் கியர் மாற்றும் வண்டிக்கு ஆறாவது கியர் 0.767, ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஆறாவது கியர் 0.582. கிரவுன் பினியன் இரண்டுக்கும் 4.1. எஞ்சின், உடல், டயர் எல்லாம் ஒன்றே. 100 கிலோமீட்டர் வேகத்தில் முதலாவது சுமார் 2,670 சுற்று, இரண்டாவது சுமார் 2,020. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலை மைலேஜ் அட்டையில் முதலாவதற்கு கேலனுக்கு 30 மைல், ஆட்டோமேட்டிக்குக்கு 34. நம் கணக்கில் லிட்டருக்கு 12.8-உம் 14.5-உம். ஆட்டோமேட்டிக் என்றாலே பெட்ரோல் குடிக்கும் என்று நம் ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்களே, இங்கே அது தலைகீழாக நிற்கிறது.

கதை அதோடு முடியவில்லை. 2017-ஆம் ஆண்டு மாடலில் கையால் கியர் மாற்றும் வண்டிக்கு மட்டும் கிரவுன் பினியனை 4.1-லிருந்து 4.3 ஆக்கினார்கள், புறப்பாடு இன்னும் துடிப்பாக இருக்கட்டும் என்று. எஞ்சினிலும் ஐந்து குதிரைத்திறன் கூட்டினார்கள். அட்டையில் நெடுஞ்சாலை மைலேஜ் 30-லிருந்து 28 ஆனது.

இங்கே தொழில்காரனாக ஒரு இடைச்செருகல். 4.1 என்பது 10 பல் பினியனுக்கு 41 பல் கிரவுன்; 4.3 என்பது 43 பல். ஏன் 40 பல் வைத்து விகிதத்தை முழு எண்ணாக்குவதில்லை என்று பட்டறைக்கு வருகிற மாணவர்கள் கேட்பார்கள். 40 வைத்தால் பினியனின் ஒரே பல் ஒவ்வொரு சுற்றிலும் கிரவுனின் அதே நான்கு பற்களையே கடித்துக்கொண்டிருக்கும். ஒன்றில் பழுது இருந்தால் அந்த நான்கையும் தின்றுவிடும். 41 வைத்தால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் முறைவைத்துச் சந்திக்கும், தேய்மானம் பரவும். இதற்கும் மைலேஜுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பெரிய எஞ்சின் என்றால் பெருந்தீனி என்ற நம்பிக்கைக்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்கர்களின் கார்வெட், 1997-இல் வந்த மாடல். எட்டு சிலிண்டர், 5.7 லிட்டர். அதன் ஆறாவது கியர் 0.50, கிரவுன் பினியன் 3.42. பெருக்கினால் 1.71. 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த எஞ்சின் ஏறத்தாழ 1,350 சுற்றில் சோம்பலாக உருண்டுகொண்டிருக்கும். அன்றைய அரசு அட்டையில் நெடுஞ்சாலைக்கு கேலனுக்கு 28 மைல். இதன் பக்கத்தில் 1989-இல் வந்த மாஸ்டா மியாட்டாவை வையுங்கள். 1.6 லிட்டர்தான், எடையும் மிகக் குறைவு. ஐந்தாவது கியர் 0.814, கிரவுன் பினியன் 4.3, சிறிய டயர். அதே வேகத்துக்கு 3,200 சுற்று. அட்டையில் அதற்கும் 30-ஐ ஒட்டித்தான். மூன்றரை மடங்கு பெரிய எஞ்சினுக்கும் சிறிய எஞ்சினுக்கும் நடுவில் அவ்வளவுதான் தூரம். கார்வெட்டின் உடல் காற்றை எளிதாக வெட்டும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முழுப் புகழும் பல்சக்கரத்துக்கே என்று நான் வாதாட வரவில்லை.

கார்வெட்காரர்கள் இதை அன்பினால் செய்யவில்லை. கேலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே போகும் கார்களுக்கு அமெரிக்காவில் தனி வரி உண்டு. அதிலிருந்து தப்பிக்க, மெதுவாக ஓட்டும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு விடாமல் நேராக நான்காவதுக்கே கியர் கம்பியைத் தள்ளிவிடும் ஓர் ஏற்பாட்டையும் வைத்தார்கள். வாங்கினவர்களில் பலர் முதல் வேலையாக அதைச் செயலிழக்கச் செய்தார்கள் என்பது வேறு விஷயம்.

பிறகு ஏன் ஸ்போர்ட்டி என்று பெயர் வைத்தவுடன் டாப் கியரைக் குறுக்கிவிடுகிறார்கள், அதாவது அதன் விகித எண்ணைக் கூட்டிவிடுகிறார்கள்? பந்தயத் திடலில் நின்று பார்த்தால் காரணம் தெரியும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே முழுச் சுற்றும் 2.1 கிலோமீட்டர்தான். வளைவுக்கு வளைவு எஞ்சின் அதன் உச்ச வலுவுள்ள சுற்றிலேயே இருக்க வேண்டும். அதற்குக் கியர்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். மாற்றும்போது சுற்று அதிகம் விழக் கூடாது. மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டிக் கொடுத்து ஒரு தலைமுறையையே ஓட்டக் கற்றுக்கொடுத்த கரிவர்தன் பெயரில் அமைந்த திடல் அது. அங்கே யாரும் மைலேஜ் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் அதே நெருக்கமான கியரை ஐந்தோ ஆறோ அடுக்கி, அதற்குமேல் ஒன்றும் வைக்காமல், அவிநாசியிலிருந்து சேலத்துக்கும் சென்னைக்கும் போகிறவர் கையில் கொடுத்தால், அவர் வழிநெடுகப் பந்தயக்காரனுக்குரிய செலவைச் செய்துகொண்டு போகிறார், பந்தயம் எதுவும் ஓட்டாமலே.

இரண்டும் கூடிவரும் வழி இல்லாமல் இல்லை. கையால் கியர் மாற்றும் போர்ஷே 911-இல் 2011-இல் ஏழு கியர் வந்தது. உச்ச வேகத்தை ஆறாவதிலேயே எட்டிவிடும். ஏழாவது நெடுஞ்சாலையில் அமைதியாகப் போவதற்கு மட்டும். கீழே உள்ள கியர்கள் நெருக்கமாக, மேலே ஒன்று நீளமாக. அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார்கள். மாதத் தவணையில் ஹேட்ச்பேக் வாங்குகிறவனுக்கு இல்லை.

"ஆறு கியர் இருக்கிறதுங்க" என்று விற்பனைப் பையன் சொல்வான். எத்தனை கியர் என்பது எதையும் சொல்லாது. ஹோண்டா எஸ் 2000 காருக்கு ஆறு கியர் உண்டு. 9,000 சுற்று வரை சுழலும் அருமையான எஞ்சின். ஆறாவதில் 100 கிலோமீட்டருக்கே 3,800 சுற்றுக்கு மேல் போகும். ஆறு படியையும் கீழேயே கட்டி வைத்தால் மேல்மாடிக்கு எப்படிப் போவது? நம் பழைய அம்பாசடருக்கு நாலே கியர், நாலாவது நேர் விகிதம். பிறகு இசுசு 1.8 லிட்டர் எஞ்சினோடு ஐந்து கியர் கான்டெஸா கிளாசிக் வந்தபோது, அந்த ஐந்தாவது கியருக்காகவே ஆசைப்பட்ட மில் முதலாளிகளை எனக்குத் தெரியும். போட்டவுடன் எஞ்சின் சத்தம் தணிவதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

நீளமாக வைத்துக்கொண்டே போனால் நல்லதா என்றால், அதுவும் இல்லை. கொங்கு நாட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது பல்லடத்திலிருந்து பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே போய்ப் பாருங்கள். காற்றாலைகள் சுழல்கிற சுழற்சியிலேயே எதிர்க்காற்றின் பலம் தெரியும். தேவைப்படும் குதிரைத்திறன் ஏறிவிடும். அளவுக்கு மீறி நீண்ட டாப் கியர் இழுக்காது, எஞ்சின் திணறும், கீழே இறக்கத்தான் வேண்டியிருக்கும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் நாற்பதிலும் குறுகிய கியர்தான் தெய்வம். ஆனால் அதெல்லாம் இரண்டாவது, மூன்றாவது கியரின் வேலை. டாப் கியரை எதற்குக் குறுக்க வேண்டும்? அந்தக் காலத்தில் சிறிய எஞ்சினுக்குக் கீழ்ச்சுற்றில் வலு இல்லை, அதனால் குறுக்கினார்கள், ஒப்புக்கொள்ளலாம். இன்றைய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் பல 1,500 முதல் 1,750 சுற்றிலேயே முழு முறுக்கு விசையையும் கொடுத்துவிடுகின்றன. அவற்றை 3,000-க்கு மேல் சுற்ற வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

குற்றத்தில் விமர்சகர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. டாப் கியர் நீளமாக இருந்தால், "முந்துவதற்குக் கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது, சோர்வாக இருக்கிறது" என்று எழுதுகிறார்கள். கியரைக் குறைப்பதற்குத்தானே கம்பி வைத்திருக்கிறது? அப்படி எழுதினால் அடுத்த மாடலில் நிறுவனம் குறுக்கிவிடும். அதன்பின் "துடிப்பாக இருக்கிறது, மைலேஜ் மட்டும் குறைவு" என்று எழுதுவார்கள்.

நிறுவனங்கள் அச்சிடும் மைலேஜ் எண் இதைக் காட்டிக்கொடுக்காது. அந்தச் சோதனை உருளையின் மேல் நடப்பது. நம் நாட்டுச் சோதனை முறையில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர், அதுவும் சற்று நேரம்தான். பெரும்பகுதி நகர வேகம். நால்வழிச் சாலையில் மணிக்கணக்காக 100-இல் போகிறவருக்கு அந்த எண்ணால் அதிகப் பயன் இல்லை. விற்பனைப் புத்தகத்தைப் புரட்டினால் தொடுதிரை எத்தனை அங்குலம், உள்விளக்கு எத்தனை நிறம் என்று இருக்கிறது. கியர் விகிதங்களைத் தேடினால் பல புத்தகங்களில் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய பிறகு வெளிவிட்டம் பெரிதான டயர் போட்டுக்கொண்டால் டாப் கியர் நீண்டது போலத்தான். ஆனால் வண்டியின் ஓடோமீட்டருக்கு அது தெரியாது. ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும்; அதை வைத்துப் போடும் மைலேஜ் கணக்கும் பொய்யாகும். வேகமானியும் உண்மையைவிடக் குறைவாகக் காட்ட இடமுண்டு. டயரையும் பிரேக்கையும் உடல் இடைவெளியையும் கணக்கில் எடுக்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று பேரனிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பான் என்று நம்புகிறேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. தங்கள் வாகனப் பக்கத்தில் ஒவ்வொரு காருக்கும் போடுகிற அட்டவணையில் நீளம், அகலம், விலை என்று வரிசையாக இருக்கிறது. அதில் ஒரு வரி கூட்டுங்கள்: டாப் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்று. ஸ்போர்ட்டி கார்களுக்கு இதைக் கட்டாயமாகப் போடுங்கள். வாசகர் இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுத் தாமே முடிவு செய்துகொள்வார். துடிப்பு வேண்டும் என்பவர் 3,200 சுற்று வண்டியையே வாங்கட்டும், தெரிந்து வாங்கட்டும்.

இதற்குத் தங்கள் செய்தியாளர் அதிகம் சிரமப்பட வேண்டாம். ஷோரூம்காரர்கள் அவிநாசி சாலை நெரிசலில் மூன்றாவது கியரைத் தாண்டாமல் ஒரு சுற்றுக் கூட்டிப்போய்த் திரும்பி வந்துவிடுவார்கள். அதை ஏற்காமல் நீலாம்பூர் தாண்டி கருமத்தம்பட்டி வரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காலியான நேர்சாலையில், டாப் கியரில், வேகம் நிலையாக நின்றதும் பக்கத்தில் இருப்பவர் டேகோமீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். கிரவுன் பினியனைக் கழற்றிப் பல் எண்ண வேண்டியதில்லை. டேகோமீட்டர் இல்லாத வண்டி என்றால், விகிதங்களையும் டயர் அளவையும் எழுதி அனுப்புங்கள். கணக்குப் போட்டுக் கொடுக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பல்சக்கரப் பட்டறைக்காரர்,
கணபதி, கோயம்புத்தூர்.